உப்புக்கால்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே போகிற கடற்கரைச் சாலையில் மாப்பிள்ளையூரணியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வலது கைப் பக்கம் உப்பளங்கள் தொடங்கிவிடும். காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தப் படங்களில் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஆட்கள் தெரிவார்கள். அந்தப் புள்ளிகளில் ஒருத்தி செல்வராணி. வயது நாற்பத்திமூன்று. உப்பள வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அங்கே வேலை செய்கிற இருபத்தேழு பேருக்குள் அவளுக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. காரணம், அவளுக்கு உப்புக்கால்.

உப்புக்கால் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். பாத்தியில் நிற்கும் தண்ணீர் கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு கரிக்கும். அதில் இறங்கி, விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். உப்புக்கல் காலைக் கீறும், கீறிய இடத்தில் தண்ணீர் ஏறும், ஏறினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். பூட்ஸ் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு இரண்டு தலைமுறை போய்விட்டது. பெண்கள் கிழிந்த சாக்ஸை மாட்டி, அதற்கு மேல் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். அது ஒரு மணி நேரம் தாங்கும். இப்படிப் பல வருஷம் எரிந்து எரிந்து, யாராவது ஒருத்திக்கு ஒரு நாள் எரிச்சல் நின்றுவிடும். உப்பு காலுக்குள்ளேயே ஏறிவிட்டது, இனி அது இவளை ஒன்றும் செய்யாது என்பார்கள். அதுதான் உப்புக்கால்.

அது வந்தவள் தூக்குவாளியில் கருப்பட்டிக் காபி போட்டுக்கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். ஏற்கெனவே உப்புக்கால் வந்தவள் ஒரு கை உப்பை அள்ளி இவளுடைய புறங்கால் வெடிப்பில் வைத்துத் தேய்ப்பாள். முகம் சுளிக்காமல் நின்றால் குலவை போடுவார்கள். அப்புறம் கங்காணி இசக்கிராஜா அவளுக்குப் பதவி உயர்வு கொடுப்பார். பதவி உயர்வு என்றால், யாரும் இறங்கப் பயப்படுகிற, முற்றிப்போய்க் கல் கூர்மையாகக் கிடக்கிற கடைசிப் பாத்தி. செல்வராணி இரண்டு வருஷமாக அந்தப் பாத்தியில்தான் வெறுங்காலோடு வேலை செய்துகொண்டிருந்தாள். சாக்ஸுக்கும் பைக்கும் அலைய வேண்டாம் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்த வருஷம் மாசி பிறந்த வாரத்தில் அனுசியாவுக்கும் உப்புக்கால் வந்தது. அனுசியா, செல்வராணிக்குப் பத்து வயது இளையவள், அவளோடு ஜோடியாக வேலை செய்கிறவள். ஒரே லோடு ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்து, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, ஒரே தகரக் கொட்டகையில் தோளோடு தோள் சாய்ந்து கண்ணயர்கிறவர்கள். அனுசியாவின் காலில் உப்பை வைத்துத் தேய்த்தவள் செல்வராணியேதான். அனுசியா நிமிர்ந்து நின்று சிரித்தாள். குலவைச் சத்தம் கேட்டுப் பக்கத்து அளத்துக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, செல்வராணி உப்பு வாரிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது அனுசியா கத்தினாள். திரும்பிப் பார்த்தால், செல்வராணி நடந்து வந்த தடம் முழுக்க உப்பு சிவந்து கிடந்தது. உடைந்த பாட்டில் கண்ணாடி ஒன்று குதிகாலில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு ஏறி நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ, அவளுக்குத் தெரியாது. இசக்கிராஜா ஓடி வந்தார். ஓடி வந்தவர் காலைப் பார்க்கவில்லை, உப்பைப் பார்த்தார்.

“ஏளா, செவந்தத மொதல்ல அள்ளி வெளிய போடு. மொதலாளி வார நேரம்.”

செல்வராணி கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குனிந்து தன் ரத்தம் பட்ட உப்பைத் தானே அள்ளி வெளியே போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். உப்புக்கால் அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாது என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் வரும்.

புண் ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போனாள் என்று சொல்வது சுலபம். விடிவதற்கு முன்பே மூன்று மணிக்கு ஆட்டோ ஏறுகிறவளை, ஆட்டோ திரும்பக் கொண்டுவந்து விடுவது பன்னிரண்டேகாலுக்கு. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பது பன்னிரண்டு வரைக்கும். முதல் நாள் போனபோது தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை, நாளைக் காலையில் வா என்றார்கள். நாளைக் காலையில் வருகிற வசதி இருந்தால் அவள் ஏன் உப்பு வாருகிறாள்? மருந்துக்கடை அண்ணாச்சியிடம் மூன்று தடவை மாத்திரையும் களிம்பும் வாங்கினாள். ஒரு மாதம் போய், கால் நாற்றமடித்து, ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தாள்.

அங்கே கிருபாபாய் என்று ஒரு நர்ஸ். நாசரேத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர் புண்ணோடு நிற்கவில்லை. கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துக் கிடந்த தேமலைப் பார்த்து, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று வருஷம் இருக்கும், அரிக்காது, வலிக்காது என்றாள் செல்வராணி. வலிக்காத ஒன்றைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க அவளுக்கு எங்கே நேரம்? கிருபாபாய் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொடும் இடத்தில் விரலை வைக்கச் சொன்னார். பத்து இடத்தில் தொட்டார். செல்வராணியின் விரல் இரண்டே இடத்துக்குப் போனது. பிறகு டாக்டர் வந்து முழங்காலுக்குப் பின்னால் நரம்பை அமுக்கிப் பார்த்தார். தொழுநோய் என்றார்கள்.

செல்வராணி முதலில் நம்பவில்லை. உப்புக்கால் பற்றி விளக்கினாள். உப்பள வேலை தெரியாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தாள். கிருபாபாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உப்புல நிக்கது உள்ளங்கால். அங்கன தோல் தடிச்சா உணர்ச்சி கொறையும், சரி. புறங்கால்ல எப்படிம்மா உணர்ச்சி போகும்?”

செல்வராணி குனிந்து தன் புறங்காலைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அளத்தில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பதற்கா அங்கே ஆள் எடுக்கிறார்கள்?

கிருபாபாய் எல்லாவற்றையும் சொன்னார். இது உப்பினால் வருவதல்ல. கெட்ட ரத்தமும் அல்ல, சாபமும் அல்ல. மருந்து சாப்பிடாத நோயாளியின் மூச்சுக்காற்றில் இருக்கும் கிருமி, நெருக்கியடித்து மாசக்கணக்கில் கூட இருக்கிறவர்களில் சிலருக்கு மெதுவாகத் தொற்றும். காற்று வராத ஓர் அறையில் எட்டுப் பேர், அரைவயிற்றுச் சாப்பாடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். மாத்திரை இலவசம், பன்னிரண்டு மாதம் விடாமல் விழுங்கினால் கிருமி போய்விடும், முதல் மாத்திரை விழுங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். ஆனால் செத்துப்போன நரம்பு திரும்புவது கஷ்டம். உணர்ச்சி போய் ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் வேறு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம். இனி ஆயுசுக்கும் தினமும் காலைக் கண்ணால் பார்த்துத்தான் அடிபட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வராணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. வீடு வீடாக வந்து பார்ப்பதாக டிவியில் சொல்கிறார்களே, எங்கள் தெருவுக்கு ஏன் ஒரு நாயும் வரவில்லை என்று கேட்டாள். கிருபாபாய் பெரிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். வந்திருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் மூன்று தடவை வந்திருக்கிறார்கள். மூன்று தடவையும் காலை பத்தரை மணிக்கு. உப்பளத் தொழிலாளிகள் குடியிருக்கிற தெருவுக்குக் காலை பத்தரை மணிக்கு. நாற்பத்தோரு வீட்டில் முப்பத்தாறு வீடு பூட்டிக் கிடந்தது என்று அழகாக எழுதி, வாசல் சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குறியைப் பார்த்து, கரண்ட் ஆபீஸ்காரன் கிறுக்கியிருப்பான் என்று செல்வராணிதான் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து மறைத்தாள். பூட்டிய வீட்டில் நோயாளி யாரும் இல்லையல்லவா. அதனால் அந்தத் தெருவுக்கு நேரே பூஜ்யம். பூஜ்யம் வந்த ஊர் என்பதற்காக மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வேறு வந்திருந்ததாம்.

“பூட்டிக் கெடந்தா எங்க போனாளுவன்னு ஒரு ஆளு கேக்க மாட்டியளா சிஸ்டர்? ரோட்டுல நின்னு பாத்தாலே நாங்க தெரிவோமே.”

கிருபாபாய் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்க வேண்டும் என்றார். சாக்கு எதுவும் சொல்லாததால் செல்வராணிக்கு அவர்மேல் மட்டும் கோபம் தங்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவளுக்கு அனுசியாவின் ஞாபகம் வந்தது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நடுரோட்டில் நின்று விரல் விட்டு எண்ணினாள். நான்கு மாதம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அனுசியாவின் காலைக் காப்பாற்றலாம். அவள் தவிர, அளத்தில் உப்புக்கால் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இன்னும் நான்கு பேர்.

அன்று சாயங்காலமே அனுசியா வீட்டுக்குப் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அனுசியா எழுந்து கதவைச் சாத்தினாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. அவளுடைய தங்கைக்குக் கயத்தாறில் மாப்பிள்ளை பார்த்து, அடுத்த வாரம் உறுதி பேச வருகிறார்கள். இந்தப் பேச்சு காற்றோடு போனால்கூட அந்தச் சம்பந்தம் நின்றுவிடும். ஒனக்கு வந்துட்டுன்னு ஊருக்கே வரணுமாக்கா என்று கேட்டாள். இனி இங்கே வராதே என்றும் சொன்னாள். செல்வராணிக்கு அவளிடம் கோபிக்கத் தோன்றவில்லை. உப்பைத் தேய்த்துக் குலவை போட்ட கை யாருடைய கை?

மறுநாள் இசக்கிராஜாவிடம் போனாள். எல்லோரையும் ஒரு தடவை பரிசோதித்துவிட ஏற்பாடு செய்யுங்கள் அண்ணாச்சி என்று கேட்டாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“உப்பு திங்கித சாமான்ளா. அளத்துல குஷ்டம்னு பேரு கெளம்புனா எவன் வாங்குவான்? ஒரு மூட்ட வெளிய போவாது. நீ ஒடம்பப் பாத்துக்கோ, வேலைக்கு வர வேண்டாம்.”

உப்பினால் பரவாது என்று டாக்டரே சொன்னார் என்றாள். அது வாங்குகிறவனுக்குத் தெரியுமா என்றார். அத்தோடு இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. ரத்தம் பட்ட உப்பை அள்ளிப் போடச் சொன்ன அதே சுருக்கோடு அவளையும் அள்ளி வெளியே போட்டார்கள்.

கிருபாபாய் அவர் பங்குக்கு மேலதிகாரியைப் பிடித்து, அளத்துக்குள் வந்து பரிசோதிக்க அனுமதி கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்ப வைத்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இப்போது உப்பு வாரும் பருவம், ஆட்களை நிறுத்த முடியாது, ஐப்பசி மழை விழுந்து வேலை நின்ற பிறகு தாராளமாக வாருங்கள், நாங்களும் ஒத்துழைப்போம். அதிகாரி அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். தாராளமாக என்ற அந்த வார்த்தையைக் கிருபாபாய் படித்துக் காட்டியபோது செல்வராணி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஐப்பசி வரும்போது அனுசியாவுக்கு எட்டு மாதம். உப்பு கெட்டுப்போகிற பொருள் இல்லை. நரம்பு கெட்டுப்போகும். இதில் எது காத்திருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

“உள்ள வரத்தான அனுமதி வேணும்? ரோடு யாரு ரோடு சிஸ்டர்?”

எனக்கு எட்டு மணிக்குத்தான் டூட்டி, அதற்கு முன்னால் நான் எங்கே நின்றால் யாருக்கென்ன என்றார் கிருபாபாய்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது, விடிந்தும் விடியாத ஐந்தே முக்கால் மணிக்குக் கிருபாபாயின் ஸ்கூட்டர் அளத்து வாசலில் குறுக்கே கட்டியிருக்கும் சங்கிலிக்கு வெளியே தார் ரோட்டோரம் நின்றது. செல்வராணி ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சங்கிலியைத் தாண்டி வரப்பின்மேல் நடந்தாள். மாத்திரையினால் அவள் முகம் கறுத்திருந்தது. இருபத்தாறு பேரும் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் தொண்டை கிழிய எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு வந்திருப்பது இன்னது என்று பெயரைச் சொல்லியே சொன்னாள். ரோட்டில் நர்ஸ் நிற்கிறார், ஆளுக்கு ஐந்து நிமிஷம், வந்துவிட்டுப் போங்கள் என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. இசக்கிராஜா நடுவரப்பில் நின்றுகொண்டு, சங்கிலியைத் தாண்டுகிற ஆளுக்கு நாளை முதல் வேலை கிடையாது என்று மட்டும் சொன்னார். சண்முகவடிவு என்பவள், நாலு வருஷமாக உப்புக்கால்காரி, தலையைக் குனிந்து மறுபடி வார ஆரம்பித்தாள். வயிறு இருக்கிறதே, அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

செல்வராணி கடைசிப் பாத்தி வரைக்கும் நடந்தாள். அங்கே அனுசியா வெறுங்காலோடு நின்றாள். செல்வராணிக்குப் பதிலாக அந்தப் பாத்தி இப்போது அவளுக்கு.

“ஏளா அனுசியா. ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேல்லா. வரப்புல ஏறிக் கால வையி. ஒனக்கு உப்புக்கால்னு சொன்னவ நான்தான். நானே பாத்துட்டுப் போறேன். ஒணர்ச்சி இருந்தா இனிமே ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

அனுசியா கங்காணியைப் பார்த்தாள். இந்தத் தலைவலி ஒழிந்தால் சரி என்று அவர், காலைக் காட்டிவிட்டு அவளை அனுப்பு என்றார். அனுசியா சலிப்போடு வரப்பில் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். செல்வராணி சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து விரித்து, எதிரே குந்தி உட்கார்ந்தாள். பக்கத்துப் பாத்திக்காரிகள் கிட்டே வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஊக்கு முனையால் முழங்காலைத் தொட்டாள். முழங்கால் என்றாள் அனுசியா. அதற்குக் கீழே தொட்டாள். ஆமா, தெரியுது என்றாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். செல்வராணி ஊக்கைப் புறங்காலில் வைத்தாள். வைத்து அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். முனை தோலில் குழி பறித்துக்கொண்டு நின்றது. சிரித்தவள் சிரிப்பை நிறுத்தினாள். சண்முகவடிவு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா, தொடு. சும்மா நிக்க நேரமில்ல, வேல கெடக்கு.”

யாரும் பேசவில்லை. அந்த அமைதி பொறுக்காமல்தான் அனுசியா கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். ஊக்கு அவள் காலில்தான் நின்றது. செல்வராணி எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அனுசியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுருங்கியது.

சண்முகவடிவு பலகையைக் கீழே போட்டாள். போட்டுவிட்டுச் சங்கிலியைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இசக்கிராஜா, நாளைக்கு ஒருத்தியும் வராதீங்க என்று சத்தம் போட்டார். செல்வராணி எழுந்து அவருக்கு நேரே நின்றாள்.

“இருபத்தாறு பேரயும் நிறுத்திருங்க அண்ணாச்சி. நிறுத்திட்டு, இந்தப் பாத்தியில நீங்க எறங்கி வாருங்க.”

அவர் பாத்தியைப் பார்த்தார், தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். பலகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லோரும் வந்துவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மற்றவர்கள் வரப்பில் வரிசையாக ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

அனுசியா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. செல்வராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நாலடி நடந்த பிறகு அனுசியா கேட்டாள்.

“எனக்கு எத்தன மாசம்க்கா ஆச்சு?”

“அஞ்சு. பேசாம நடளா.”